நீர்நிலை மீட்பு யாரை வெளியேற்றுகிறது?

அடையாறு கழிமுகத்தில் குப்பையும் இடிபாடுகளும் கொட்டப்பட்டுச் சீரழிந்திருந்த 58 ஏக்கர் நிலம் மீட்கப்பட்டு, 2011 சனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அலையாத்தி மரங்கள் வளர்ந்தன, பறவைகள் திரும்பின. இதை நாம் வரவேற்கிறோம். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குபவை கரையோர உழைக்கும் மக்களின் வீடுகளே. நீர்நிலைப் பாதுகாப்பு நம் கோரிக்கையும்தான். ஆனால், அதன் விலையை யார் செலுத்துகிறார்கள் என்பதே நம் கேள்வி.

அப்பூங்கா அமைந்துள்ள அதே இராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருந்தது கோவிந்தசாமி நகர். தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தவர்களின் வீடுகள், உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் 2022இல் இடிக்கப்பட்டன. அதை எதிர்த்து முதியவர் ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன் பின்னரே, மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியிலேயே வீடுகள் ஒதுக்கப்படும் எனச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அருகிலேயே வீடு தர இயலும் என்றால், ஓர் உயிர் போகும்வரை தொலைவிலுள்ள பெரும்பாக்கத்தைக் காட்டியது ஏன்? அந்தப் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதியே!

அதே பக்கிங்காம் கால்வாய்க்குள்தான் பறக்கும் இரயிலின் தூண்களும் நிற்கின்றன. அரசு கட்டினால் வளர்ச்சி. தலித் மக்கள் பெருமளவில் வாழும் குடிசை என்றால் ஆக்கிரமிப்பு. இந்த அளவுகோலில் சாதி இல்லை என்று எவ்வாறு நம்புவது?

1927இல் மகாடு சவதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீர் அருந்தியது, பொது நீர்நிலையில் அனைவருக்கும் உள்ள உரிமையை நிலைநாட்டவே. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, கிணறு, குளம், பொது இடங்களைப் பயன்படுத்துவதில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. இன்று எந்தப் பூங்கா வாயிலிலும் சாதி கேட்கப்படுவதில்லை. ஆனால், கரையில் வாழ்ந்தவர்களை ஊரின் எல்லைக்கு அனுப்பிவிட்டால், அந்த உரிமை ஏட்டில் மட்டுமே எஞ்சும்.

வாழ்வாதாரம் வாழ்வுரிமையின் பகுதி என்று 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும், நடைபாதைவாசிகளை அகற்றுவதை அத்தீர்ப்பு முற்றாகத் தடுக்கவில்லை. எனவே தீர்ப்புகளை மட்டுமே நம்பியிருக்க இயலாது. மறுகுடியமர்வு குறித்து 2021இல் தமிழக அரசு ஒரு வரைவுக் கொள்கையை வெளியிட்டது. கொள்கை போதாது, நீதிமன்றத்தில் உரிமையாகக் கோரத்தக்க சட்டம் வேண்டும். மக்களின் கருத்தைக் கேட்காமல் அகற்றக் கூடாது. பணியிடத்துக்கும் பள்ளிக்கும் அருகிலேயே வீடு தர வேண்டும். அவ்வீட்டின் சாவியை ஒப்படைத்த பிறகே இடிப்பு இயந்திரம் வர வேண்டும். இம்மூன்றையும் அச்சட்டம் உறுதிசெய்ய வேண்டும்.