பெற்றோல் தாங்கிக்கும் மூச்சு வேண்டும்

பெற்றோல் செட்டில் நொசிலை வைத்தவுடன் 'டக்' என்று நின்றுவிடுகிறது. மீண்டும் அழுத்தினால் ஒரு லீற்றர் போய் மறுபடியும் 'டக்'. பின்னால் நிற்பவர் ஹோர்ன் அடிக்கிறார். பம்ப் பொடியனுக்கும் நமக்கும் வாய்த்தர்க்கம். பழைய வேன் வைத்துத் தொழில் செய்யும் நமது வியாபாரிகளுக்கு இது பழகிப்போன காட்சி.

பொடியனைக் குறை சொல்வது அநியாயம். ஒரு லீற்றர் பெற்றோல் உள்ளே இறங்க வேண்டுமானால் ஒரு லீற்றர் காற்று வெளியே வர வேண்டும். அதற்காகவே நிரப்பும் குழாயின் பக்கத்தில் மெல்லிய ரப்பர் குழாயொன்று போகிறது. வயது போனால் அது வெடிக்கும், மடியும், அடைபடும். அப்போது பெற்றோல் கழுத்துவரை ஏறி வந்து நொசில் நுனியிலுள்ள சிறு துவாரத்தை மூடும். தாங்கி நிறைந்துவிட்டதென்று நொசில் தானாக நின்றுவிடும். 2020 முதல் 2025 ஆரம்பம் வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் என்ஜினுக்கும் டயருக்கும் செலவழித்துப் பழைய வாகனங்களை ஓட்டினோம். இந்தக் குழாயை யார் பார்த்தோம்?

காற்று வெளியேறாவிட்டால் இந்தத் தொல்லை. உள்ளே போகாவிட்டால் வேறு தொல்லை. எனது வேன் அரை மணி நேரம் ஓடும், நின்றுவிடும், ஆறியதும் ஸ்டார்ட் ஆகும். கராஜ் பாஸ் பெற்றோல் பம்பையே மாற்றிவிட்டார். அடுத்த வாரம் கடுகண்ணாவ ஏற்றத்தில், சாமான் நிறைய இருக்கும்போது, பழைய கதைதான். கண்டியில் கடைக்காரர் காத்திருக்கிறார். வழியில் நிறுத்திய லொறி சாரதி ஒருவர் தாங்கி மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. "நானா, மூடிய மாத்தினீங்களா?" என்றார்.

மாற்றியிருந்தேன். பழைய மூடி தொலைந்து, அளவு பார்த்து ஒன்று வாங்கினேன். என்னுடையதைப் போன்ற பழைய வாகனங்கள் மூடியிலுள்ள சிறு வால்வு வழியாகத்தான் காற்றை எடுக்கின்றன. புதியதில் அது இல்லை. பெற்றோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடமாகி, பம்பால் இழுக்க முடியாமல் போயிருக்கிறது. பம்புக்குக் கொடுத்த காசு வீண். என் கவலையீனம் பாதி. மொடலையும் வருடத்தையும் கேட்காமல், "பொருந்துது, கொண்டு போங்க" என்ற கடைக்காரரின் அவசரம் மீதி. உதிரிப்பாகம் விற்கும் நம்மவர்கள் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டால் என்ன நட்டம்?

2022 வரிசைகளில் பழகிய இன்னொரு கெட்ட பழக்கம், நொசில் நின்ற பிறகும் வாகனத்தைக் குலுக்கிக் கழுத்துவரை நிரப்புவது. ஆவியைப் பிடிக்கும் கரி டப்பா உள்ள கார்களில் பெற்றோல் அதற்குள் இறங்கிக் கரியைக் கெடுத்து, வழியை அடைத்துவிடும். முதல் 'டக்'குடன் விட்டுவிடுங்கள்.

வேனுக்குள் பெற்றோல் மணந்தால் குழாய் வெடித்திருக்கலாம். மணம் ஏறிய மா மூட்டையையோ தேயிலையையோ எவரும் எடுக்கமாட்டார். தீப்பிடித்தால் வேனும் இல்லை. அன்றே பாருங்கள். பக்கத்தில் வெல்டிங் நடக்கும் கராஜ் என்றால் வேறு இடம் போங்கள்.