வைத்தியம் இலவசம், வழி இலவசமல்ல



அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் லயத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர காசு வேண்டும். நோயாளிக்கு ஒரு நாள் பேர் போகிறது, துணைக்குப் போகிறவரின் பேரும் போகிறது. அக்குறணையிலிருந்து கண்டி சுமார் பத்து கிலோமீட்டர்தான். மேல் டிவிஷனில் இருப்பவருக்கோ மாத்தளை வீதிக்கு இறங்கி வருவதே பெரும்பாடு. பிங்கா ஓயா பெருகினால் அக்குறணை கடைவீதியில் தண்ணீர் ஏறி, பஸ்ஸும் நின்றுவிடும்.

இதனால்தான் முதல் கிளினிக்குக்குப் போனவர்கள் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். பிரஷர், சீனி வியாதிக்காரர்கள் குளிசை முடிந்த பின்னும் "சம்பளம் வரட்டும்" என்று காத்திருக்கிறார்கள். மார்பில் கட்டி கண்ட தாய், மகரகம என்ற பெயரைக் கேட்டதுமே பயந்து வாயை மூடிக்கொள்கிறார். நாம் பொறுத்தாலும் நோய் பொறுப்பதில்லை.

ஆகவே, ஆஸ்பத்திரிப் பயணத்துக்கு ஆயத்தம் செய்வதை அந்த வீட்டாரின் பாடு என்று விட்டுவிடக் கூடாது. அது தோட்டக் கமிட்டியின் வேலை.

முதலில், கையில் உள்ள கடிதத்தை வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். போக வேண்டியது கண்டி தேசிய வைத்தியசாலையா, பேராதனை போதனா வைத்தியசாலையா, பிள்ளைகளுக்கான சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலையா? இடம் மாறிப் போனால் அன்றைய கிளினிக் போய்விடும். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பழைய ரிப்போட்டுகள், எக்ஸ்ரே, குடிக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் முதல் நாள் இரவே ஒரே பையில் போட்டு வையுங்கள். இரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்பதை முன்பே கேட்டு வையுங்கள். சீனி வியாதிக்காரர் சாப்பாட்டைக் கையோடு கொண்டு போக வேண்டும்.

துணைக்குச் சிங்களம் பேசத் தெரிந்த ஒருவர் போகட்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. ஆனாலும் வலி எங்கே என்று சொல்ல முடியாமல் நம்மவர் திரும்பி வருவது இன்னும் நிற்கவில்லை. ஒப்பரேஷன் பத்திரத்தில் விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் பல வாரங்கள் அங்கேயே தங்க வேண்டி வரலாம். பிள்ளைகளை யார் பார்ப்பது, துணைக்குப் போகிறவர் எங்கே தங்குவது என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடிக்க வேண்டும். வைத்தியச் செலவுக்கு ஜனாதிபதி நிதியத்தின் உதவியைக் கேட்கலாம். 2025 பெப்ரவரி முதல் அதற்கான விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். தகுதியுள்ளவர்கள் ஊழியர் சேமலாப நிதியில் 30 வீதம் வரை வைத்தியத்துக்காக முன்கூட்டியே எடுக்க 2012ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இடம் தருகிறது. படிவம் நிரப்பத் தோட்டத் தலைவரிடம் வாருங்கள்.

அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தமிழிலும் பேசலாம். தோட்டத்தின் பெயர், டிவிஷன், அருகிலுள்ள சந்தி ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்ல வீட்டுப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

நிர்வாகத்துக்கும் ஒரு சொல். டாக்டர் சொன்னால் நோயுற்ற தொழிலாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது துரையின் கடமை என்று 1912ஆம் ஆண்டு வெள்ளைக்காரர் காலத்து வைத்தியத் தேவைகள் சட்டமே சொன்னது. இன்று வாகனம் கேட்டால் அதைச் சலுகை போலப் பேசுவது என்ன நியாயம்? கிளினிக் கொப்பியைக் காட்டுகிறவருக்கு அன்றைய பேர் போட வேண்டும். அவசரத்துக்குத் தோட்ட வாகனம் தர வேண்டும். இவ்விரண்டையும் நாம் பேச்சுவார்த்தை மேசையில் வைப்போம்.

அதுவரை கைகட்டி நிற்க வேண்டாம். ஒவ்வொரு டிவிஷனிலும் துணைக்குப் போக ஆணொருவர், பெண்ணொருவர் பெயரை இம்மாதத்துக்குள் தலைவரிடம் கொடுங்கள். கிளினிக் நாளில் நம்மில் எவரும் தனியாக ரோட்டுக்கு இறங்கக் கூடாது.