படியேறும் உரிமை வந்தது, பணியேற்கும் உரிமை?

திருத்தணிகை மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாட்களை எண்ணி அமைத்தவை என்பர். 1947இல் ஆலய நுழைவுச் சட்டம் பிறந்தபின், அப்படிகளில் ஏறுவோனைக் குலங்கேட்டுத் தடுக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. வணங்கலாம், காணிக்கை செலுத்தலாம். ஆனால், கருவறையில் பணிபுரிய விழைந்தால், கற்றது என்னவென்று கேளார். பிறந்த குலம் என்னவென்று கேட்பர்! இது பக்திச் சிக்கலா? வேலைவாய்ப்பில் இழைக்கப்படும் வேற்றுமையன்றோ!

நாம் மட்டுமா இப்படிச் சொல்கிறோம்? 1970இல் கலைஞர் அரசு அறநிலையச் சட்டத்தைத் திருத்தி, அர்ச்சகர் பணியில் வாரிசுரிமையை ஒழித்தது. அதனை எதிர்த்த சேஷம்மாள் வழக்கில், அர்ச்சகர் கோயிலின் பணியாளரே, அவரை அமர்த்துவது சமயச் செயலன்று, உலகியற் செயலே என்று 1972இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. வாரிசுரிமை வீழ்ந்தது. ஆயினும், ஆகமத்தை மீறலாகாது என்ற நிபந்தனையும் உடன்வந்தது. வெளிவாயில் திறந்தது, உள்வாயில் அடைபட்டது! 1973இல் பெரியார் மறைந்தபோதும், அவர் நெஞ்சில் தைத்த அந்த முள் அகலவில்லை.

2006இல் அரசாணை பிறந்தது. பயிற்சிப் பள்ளிகள் எழுந்தன. 206 பேர் பயின்று தேறினர். "ஆகமம் அறியாதார்" என்ற வாதம் அன்றே மடிந்திருக்க வேண்டும். மடிந்ததா? வழக்குகளே வளர்ந்தன. 2021 ஆகஸ்டு 14ஆம் நாள்தான் முதல்வர் ஸ்டாலின், அப்பள்ளிகளில் பயின்ற 24 பேருக்குப் பணியாணை வழங்கினார். மகிழ்ந்தோம். ஆனால், 206 எங்கே, 24 எங்கே? கற்றவன் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தானே, அந்த இளமையை எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்?

சட்டம் விதை, அதனைக் காக்கும் அமைப்பே வேலி. அமெரிக்கா 1964இல் குடியுரிமைச் சட்டம் இயற்றியபோதே, வேலையில் வேற்றுமை கண்டவன் முறையிட ஓர் ஆணையத்தையும் அச்சட்டத்திலேயே படைத்தது. நம் நாடோ, திருத்தணி தமிழகத்தோடு இணைந்த அதே 1960இல், வேலைவாய்ப்பில் வேற்றுமை களையும் உலகத் தொழிலாளர் உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்தது. சம வாய்ப்பு ஆணையம் வேண்டுமென்று 2006இல் சச்சார் குழு பரிந்துரைத்தது. ஒப்புதல் ஏட்டில், பரிந்துரை பரணில்!

அண்டைக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே தேவஸ்வம் பணிகளுக்கெனத் தேர்வு வாரியம் உண்டு. எழுத்துத் தேர்வும் நேர்காணலும் நடத்தி, 2017இல் பார்ப்பனரல்லாதார் 36 பேரைத் திருவிதாங்கூர்க் கோயில்களின் பூசைப் பணிக்கு அது தெரிந்தெடுத்தது. அவருள் அறுவர் தாழ்த்தப்பட்டோர். அங்கே மணி ஒலிக்க மறுத்ததா? விளக்குத்தான் எரிய மறுத்ததா?

ஆகவே, நாம் கேட்பது சலுகையன்று, முறை. காலியிடம் ஊரறிய அறிவிக்கப்பட வேண்டும். தேர்வு, கல்வியை அளக்க வேண்டும், பூணூலை அன்று. மறுக்கப்பட்டவன் முறையிடவும், குறித்த காலத்தில் விடைபெறவும் ஆணையம் ஒன்று வேண்டும். மலைப்படி திறந்ததோடு நம் வேலை முடியவில்லை, தோழரே! அடுத்த கிளைக்கூட்டத்தில் இந்த மூன்றையும் தீர்மானமாக்குக. ஊர்தோறும் எடுத்துரைக்கப் புறப்படுக!