பரிசல் ஏறுமுன் அணையைக் கேளுங்கள்

ஆற்றோடு மிதந்துகொண்டே தூண்டில் போடும் ஆசை உலகெங்கும் உண்டு. அமெரிக்காவின் வடகோடியான அலாஸ்காவில் இதற்கென்றே பயணம் போகிறார்கள். சிறு விமானத்தில் சென்று ஆற்றின் மேற்பகுதியில் இறங்குவார்கள். ரப்பர் படகை ஊதி மிதக்கவிட்டு, மீன் பிடித்தபடியே பல நாள் கீழ்நோக்கி வருவார்கள். வழியில் ஊர் இல்லை, கடை இல்லை. ஆகவே உணவு, மருந்து, கூடாரம் என எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்வார்கள்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து இளைஞர்களுக்கும் இந்த ஆசை வருமானால் வியப்பில்லை. கல்வராயன் மலை இருக்கிறது. கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணை இருக்கிறது. வடக்கே தென்பெண்ணை இருக்கிறது. கெண்டைக்கும் கெளுத்திக்கும் குறைவில்லை. ஆசை நல்லதே. ஆனால் அலாஸ்காவின் கணக்கை இங்கே அப்படியே போட்டால் ஆபத்து.

அங்கே கோடையில் பனி உருகி ஆறு ஓடுகிறது. கோமுகியோ மழையை நம்பிய ஆறு. கோடையில் பரிசல் விட்டால் மணலில்தான் நிற்கும். மலையில் மழை கொட்டினால் கல்படை, பொட்டியம் ஆறுகள் வழியே சில மணி நேரத்தில் வெள்ளம் வந்துவிடும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே பெய்த மழை ஆற்றில் பாய்ந்து வரும். அணையின் முழு உயரம் 46 அடி. நிரம்பும் தறுவாயில் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். பரிசலுக்குப் போதிய தண்ணீர் ஓடும் நாளே பல சமயம் பரிசலுக்கு ஆகாத நாளாகவும் இருக்கிறது.

தென்பெண்ணையில் இது இன்னும் பெரிது. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் கரை கடந்தது. டிசம்பர் 2-ம் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது. வீடே தாங்காத வெள்ளத்தை மூங்கில் பரிசல் தாங்குமா?

ஆகவே பயணத் திட்டத்தில் தூண்டிலுக்கும் மண்புழுவுக்கும் முன்னால் எழுத வேண்டியவை வேறு. மலையில் மழை உண்டா என்று வானிலை அறிக்கையைப் பார்க்க வேண்டும். அணையில் நீர் திறக்கிறார்களா என்று நீர்வளத் துறையினரிடம் கேட்க வேண்டும். அணைகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கோ அரசு நிறுவனத்துக்கோ உரியது. அனுமதி பெற வேண்டும். காப்புக்காட்டில் நுழைய வனத்துறையின் அனுமதி தேவை. பரிசல் விடுகிற மீனவர் ஒருவர் உடன் வர வேண்டும். உயிர்காக்கும் சட்டை ஒவ்வொருவருக்கும் வேண்டும். எங்கே இறங்கி எங்கே கரையேறுவது என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

காவிரியில், ஒகேனக்கல்லில், நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் பரிசல் ஓட்டிகளுக்கு அன்றைய கூலி போகிறது. உயிர் போவதில்லை. பிழைப்புக்காகப் பரிசல் ஓட்டுபவரே நிறுத்தும்போது, பொழுதுபோக்குக்கு வந்தவர் பிடிவாதம் பிடிப்பது அழகா?

கல்வராயன் மலைவாசி ஒருவர் "இன்று வேண்டாம்" என்றால், அந்தச் சொல்லை மதித்துத் திரும்புவதே புத்திசாலித்தனம். அன்று ஏரிக்கரையில் அமர்ந்து தூண்டில் போடலாம். ஆறு எங்கும் போய்விடாது. மீனும் அடுத்த வாரம் கிடைக்கும்.