தூக்கம் செலவு, கூத்து வரவு!

கண்டாச்சிபுரத்தில் ஒரு கல்யாணம். முதல் நாள் சாப்பாட்டை முடித்துக் கட்டையைச் சாய்க்கலாம் என்று பாய் தேடும்போது, "பக்கத்து ஊரு திரௌபதியம்மன் கோயில்ல துகில் கூத்து. கெளம்பு மாப்ளே!" என்று மாமா பைக்கை உதைத்தார்.

மேடைக்குப் பின்னால் துரியோதனன், கிரீடமும் புஜக்கீர்த்தியுமாக பிளாஸ்டிக் சேரில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பி.காம். புத்தி சும்மா இருக்குமா?

"ராத்திரிக்கு எவ்வளவுங்க நிக்கும்?"

"வேன் வாடகை போக பங்கு பிரிச்சா, கொத்து வேலைக் கூலிதான் சார். தை பொறந்தா ஆடி வரைக்கும் அரிதாரம். அப்புறம் கரண்டி!"

"அப்ப விடிய விடிய எதுக்கு? ரெண்டு மணி நேரத்துல முடிச்சா லாபம்தானே?"

நல்லவேளை, துரியோதனனுக்குக் கோபம் வரவில்லை. கதாயுதமும் தள்ளித்தான் இருந்தது.

"சில ஊர்ல அப்படித்தான் கேக்கறாங்க. ரெண்டு மணி நேரம்னா பெரியவங்க மட்டும்தான் ஆட முடியும். பசங்க எப்ப கத்துக்கறது? இந்த ராத்திரிதான் சார் அவங்க பள்ளிக்கூடம்."

சுருக்கென்றது. செய்யாறு பக்கத்துப் புரிசையில் தம்பிரான் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கூத்தைக் காப்பாற்றி வருகிறது. கண்ணப்பத் தம்பிரானின் மகன் சம்பந்தனுக்கு 2025-ல் பத்மஸ்ரீயே வந்தது. 1990-ல் ஆரம்பித்த கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரம் பக்கம் 2020 வரை பாடத்தோடு கூத்தும் சொல்லித்தர ஒரு குருகுலமே நடத்தியது. இந்தக் கொத்தனார் துரியோதனனுக்குக் கட்டடம் கிடையாது. ராத்திரி மட்டும்தான். அதையும் குறைக்கச் சொல்கிறேன் நான்!

மணி மூன்று. பதினைந்து வயசுப் பையன் விகர்ணனாக வந்தான். அண்ணன் செய்வது அநியாயம் என்று சபையில் எழுந்து கேட்கிற தம்பி. முதல் பாட்டு கணீர். அடுத்தது... மறந்துவிட்டது! முகவீணை அதே மெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. பையன் முகத்தில் அரிதாரத்தை மீறி வேர்வை.

கட்டியங்காரன் குதித்து வந்தார். "பாட்டு மறக்கலீங்க! அண்ணனைப் பார்த்த பயத்துல தொண்டை அடைச்சுக்கிச்சு!"

கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் பின்பாட்டுக்காரர் வரியை எடுத்துக் கொடுக்க, பையன் பிடித்தான் பாருங்கள்... தூங்கிக்கொண்டிருந்த கிழவிகள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

மாமாவிடம் ஐம்பது ரூபாய் கொடுத்தனுப்பினேன். உடனே மைக்கில், "கல்யாணத்துக்கு வந்த பி.காம். ஐயா, விகர்ணனுக்கு அன்பளிப்பு!" மானம் போயிற்று.

கல்யாணம் முடிந்து பாண்டிச்சேரி பஸ்ஸில் கணக்கு எழுதினேன். செலவு: ஒரு ராத்திரித் தூக்கம், ஐம்பது ரூபாய். வரவு: ஒரு விகர்ணன். நல்ல லாபம் என்ற நிம்மதியில் கண்ணை மூடினேன். கண்டக்டர் எழுப்பியபோது விழுப்புரம் தாண்டியிருந்தது.

செலவில் இன்னொரு டிக்கெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்!