தீபாவளிக்கு பார்ட்டிகளுக்கு என்ன கொடுக்கலாம்? 15,000 ரூபாயில் ஒரு கணக்கு!

ஆயுத பூஜைப் பொரி காலியாவதற்குள் சின்ன கம்பெனிகளில் அடுத்த கேள்வி வந்துவிடும். "இந்த வருஷம் பார்ட்டிகளுக்கு என்னங்க கொடுக்கிறது?"

பெரிய நிறுவனங்களுக்கு இதற்கென்று தனி பட்ஜெட், தனி ஆள் எல்லாம் உண்டு. லேத் பட்டறை, பிரின்டிங் பிரஸ், டிசைன் ஆபீஸ், டெய்லரிங் யூனிட் நடத்துகிறவர்களுக்கு அப்படி இல்லை. ஸ்வீட் பாக்ஸுக்குப் போகிற பணம், அந்த மாதம் சரக்கு எடுக்க வைத்திருந்த பணம். 'கொடுக்காவிட்டால் ஆர்டர் வேறு பக்கம் போய்விடுமோ' என்ற பயத்தில்தான் பலர் கைமாற்று வாங்கியாவது கொடுக்கிறார்கள். ஆர்டர் போவது பெரும்பாலும் ரேட்டாலும் லேட் டெலிவரியாலும்தான். ஸ்வீட் பாக்ஸ் சின்னதாக இருந்ததால் யாரும் சப்ளையரை மாற்றுவதில்லை. அதனால் கடன் வாங்கிக் கொடுக்க வேண்டாம். கையில் இருப்பதை யோசித்துக் கொடுத்தால் போதும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். பார்ட்டிகள் 40 பேர். கையில் இருப்பது 15,000 ரூபாய். எல்லோருக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு 375. அந்தக் காசில் நாற்பது பேருக்கும் ஒரே மாதிரி அட்டைப் பெட்டி போகும். வருஷம் முழுக்க வேலை கொடுத்தவருக்கும், போன தை மாதம் ஒரே ஒரு பில் போட்டவருக்கும் ஒரே பெட்டி! இது சரியில்லை.

நோட்டை எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் வேலை ஐந்தாறு பேரிடமிருந்துதான் வந்திருக்கும். அந்த ஆறு பேருக்கு 900 ரூபாய் வீதம் 5,400. அடுத்த 14 பேருக்கு 300 வீதம் 4,200. மீதி 20 பேருக்கு தீபாவளிக்கு எதுவும் வேண்டாம். ஒரு போன், ஒரு வாழ்த்து. ஜனவரி பிறக்கும்போது 100 ரூபாய்க்குள் ஒரு தினசரி காலண்டர். அது 2,000.

காலண்டரை யாரும் அலட்சியமாக நினைக்க வேண்டாம். ஸ்வீட் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். தாள் கிழிக்கிற காலண்டர் 365 நாளும் உங்கள் பெயரோடும் போன் நம்பரோடும் சுவரில் தொங்கும். ராகு காலம் பார்க்கிற ஒவ்வொருவர் கண்ணிலும் படும். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே புது ஆல்பம் வந்துவிடுகிறது. குறைந்த எண்ணிக்கைக்கு உங்கள் ஊர் பிரஸ்ஸிலேயே பெயர் அச்சடித்துக் கொடுப்பார்கள். சாமி படமா, இயற்கைக் காட்சியா என்பதை மட்டும் வாங்குகிறவரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இதுவரை 11,600. மீதி 3,400 இருக்கிறதே... அதில் 2,500 பட்டறையில் வேலை செய்கிற ஐந்து பேருக்கு. தலைக்கு 500. போனஸ் தனி, இது தனி. பல இடங்களில் பார்ட்டிக்குப் போகிற பெட்டியை டெம்போவில் ஏற்றுவதே இவர்கள்தான். அவர்களுக்கு மட்டும் அரைக் கிலோ மிக்ஸர் பாக்கெட் என்றால் அன்று முழுக்க அதுதான் பட்டறையில் பேச்சு. அதனால் கணக்குப் போடும்போதே முதல் வரியில் இவர்களை எழுதிவிடுங்கள். கடைசி 900 ரூபாய் பெட்ரோலுக்கும் கூரியருக்கும்.

எதை வாங்குவது?

எங்கள் டெஸ்க்குக்கும் தீபாவளி சமயத்தில் பெட்டிகள் வரும். லோகோ போட்ட மக், பேனா ஸ்டாண்ட், போட்டோ ஃப்ரேம் எல்லாம் அடுத்த தீபாவளி வரை அலமாரி மேலேயே இருக்கும். சாப்பிடுகிற பொருளும், வீட்டில் புழங்குகிற பொருளும்தான் அன்று மாலையே பையில் ஏறும்.

ஆனால் எல்லோரும் அனுப்புவதும் ஸ்வீட்தான். பத்தாவது மைசூர்பாகு பெட்டியாக உங்களுடையது இருக்க வேண்டாம். 300 ரூபாய்க்கு கோவில்பட்டி கடலைமிட்டாயும் மணப்பாறை முறுக்கும் சேர்த்துக் கொடுக்கலாம். இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை, சீக்கிரம் கெடாது. முறுக்கை மட்டும் கூரியரில் போடாதீர்கள், தூளாகத்தான் போய்ச் சேரும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பிரமாதம்தான், ஆனால் நேரில் கொடுக்க முடிந்தால் மட்டும். சர்க்கரை நோய் இருப்பவர் என்று தெரிந்தால் நல்ல ஃபில்டர் காபித் தூளோ, வறுத்த முந்திரியோ போதும். சௌகார்பேட்டை ஜெயின் குடும்பங்களுக்கு முட்டை சேர்த்த கேக் அனுப்பிவிடாதீர்கள். முஸ்லிம், கிறிஸ்தவ பார்ட்டிகளுக்கு இதே தொகையை ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் எடுத்து வைத்தால் அவர்களுக்கு அது தனி சந்தோஷம்.

900 ரூபாய் பட்டியலுக்கு கோ-ஆப்டெக்ஸ் பக்கம் போய்ப் பாருங்கள். தீபாவளித் தள்ளுபடியில் கைத்தறித் துண்டு, படுக்கை விரிப்பு எல்லாம் கட்டுப்படியாகும். செட்டிநாட்டு ஓலைக் கொட்டானில் கொஞ்சம் பலகாரம் வைத்துக் கொடுத்தால், பலகாரம் தீர்ந்த பிறகும் கொட்டான் பூஜை அறையில் பூ வைக்க இருக்கும். சுயஉதவிக் குழுப் பெண்களிடம் ஆர்டர் கொடுத்தால் விலையும் படியும், பணமும் அவர்கள் வீட்டுக்கே போய்ச் சேரும். யாரிடம் வாங்கினாலும் பாக்கெட்டில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் இருக்கிறதா, எந்தத் தேதி வரை சாப்பிடலாம் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உதிரியாக விற்கும் ஸ்வீட்டுக்கும் கடையில் அந்தத் தேதியை எழுதி வைக்க வேண்டும் என்ற விதி 2020 அக்டோபரிலிருந்தே இருக்கிறது.

யார் கையில் கொடுப்பது?

முக்கியமான இடம் இதுதான். முதலாளி மேஜையில் ஏற்கெனவே பெட்டிகள் அடுக்கியிருக்கும். உங்கள் பில்லைப் பாஸ் செய்கிற அக்கவுன்ட்ஸ் அக்காவுக்கும், சரக்கு இறக்கும்போது கேட் திறந்துவிடுகிற செக்யூரிட்டி அண்ணனுக்கும் யாரும் எதுவும் கொடுத்திருக்க மாட்டார்கள். அந்த 900 ரூபாயில் ஒரு பகுதியை செக்‌ஷனில் எத்தனை பேரோ அத்தனை சின்ன பாக்கெட்டாக மாற்றினால் எல்லோர் வீட்டுக்கும் ஒன்று போகும்.

பர்ச்சேஸ் ஆபீஸர் வீட்டு முகவரி கேட்டு பரிசு அனுப்புவது மட்டும் வேண்டாம். அது பரிசு மாதிரி தெரியாது. அரசு அலுவலகம், பொதுத்துறை நிறுவனம் என்றால் வாழ்த்து அட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனிகள் பலவற்றில் பரிசு வாங்கக் கூடாது என்றே விதி இருக்கிறது. முன்கூட்டி ஒரு போன் செய்து கேட்டுவிட்டால் திருப்பி அனுப்புகிற சங்கடம் இருவருக்கும் இல்லை.

வரி பற்றிச் சுருக்கமாக. பரிசாகக் கொடுக்கும் பொருளுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி-யை இன்புட் கிரெடிட்டாக எடுக்க முடியாது. எனவே விலை கேட்கும்போது வரியோடு சேர்த்தே கேளுங்கள். பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள், செலவுக் கணக்குக்கு ஆடிட்டர் கேட்பார்.

பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் கொடுத்துவிடுவது நல்லது. கடைசி மூன்று நாளில் கூரியரும் நம்ப முடியாது, பாதிப் பேர் ஊருக்கு பஸ் ஏறியிருப்பார்கள். அட்டையில் பெயரை பேனாவால் எழுதுங்கள். அச்சடித்த 'அன்பு வாடிக்கையாளருக்கு' யாருக்கும் சொந்தமில்லை.

பாக்கி வைத்திருக்கிற பார்ட்டிக்கு என்ன செய்வது? பெரும்பாலும் எல்லோரிடமும் அப்படி ஒருவர் இருப்பார். உங்கள் பட்டியலில் அவர் எந்த வரிசையோ அதே பெட்டியைக் கொடுங்கள், பாக்கிக்காகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கொடுக்கும்போது பில் பேச்சை எடுக்காதீர்கள். தீபாவளி முடிந்து ஆபீஸ் திறந்த இரண்டாம் நாள் காலையில், ஸ்டேட்மென்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு போன் போடுங்கள்.