சேற்றுக்கு ஏற்ற சக்கரம்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால், தோப்பும் தோட்டமும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கவலை வந்து சேருகிறது. கோடை முழுவதும் சொன்னபடி கேட்ட சிறு டிராக்டர், இப்போது வாழைக் கன்றுகளின் நடுவே நின்றுகொண்டு சக்கரத்தை மட்டும் சுற்றுகிறது. வண்டி நகர மறுக்கிறது. பார்ப்பவர்கள் எல்லோரும், "டயரை மாற்றுங்கள்" என்கிறார்கள். யோசனை தவறன்று. ஆனால், எந்தச் சேற்றுக்கு எந்த டயர் என்று கேட்பவரைத்தான் காணோம். பின் டயர் ஒரு ஜோடியின் விலை அற்ப சொற்பமன்று. ஆகவே அந்தக் கேள்வியை நாம் கேட்டு வைப்போம்.

டயர்ப் பட்டைகளின் இடையே களிமண் அப்பிப் பள்ளங்கள் தூர்ந்துவிட்டால், டயர் வழவழப்பான உருளையாகிவிடுகிறது. மழைநாளில் வரப்பின்மேல் செருப்புடன் நடந்தவர்களுக்கு, அதன் பிறகு என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எனவே, சேற்று டயருக்கு முதல் லட்சணம், அப்பிய மண்ணைத் தானே உதறும் குணம். பட்டைகள் அகன்ற இடைவெளியுடன் சாய்வாக அமைந்து, நடுவில் அம்புமுனைபோல் கூட வேண்டும். அந்த முனை முதலில் மண்ணைத் தொட்டால், சேறு இரு பக்கமும் பிதுங்கி வெளியேறும். டயரைத் திருப்பி மாட்டிவிட்டாலோ, சேறு நடுவே வந்து சேரும். சுழல வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறி டயரின் பக்கத்திலேயே இருக்கிறது. மாட்டுகிறவரை மட்டும் நம்பாமல் அதை நாமே ஒரு முறை பார்த்துக்கொள்வது உத்தமம்.

டயர்களை ஆர் என்ற எழுத்தும் எண்ணும் சேர்த்து வகுத்திருக்கிறார்கள். ஆர்-3 புல்தரைக்கு உரியது. சேற்றில் அதனால் பிரயோஜனமில்லை. ஆர்-4 கெட்டித் தரைக்கும் தோட்டத்துக்கும் பொதுவானது. ஆர்-1 சாதாரண உழவு டயர். ஆர்-2 நெல்லும் கரும்பும் விளையும் ஈர நிலத்துக்கென்றே செய்யப்பட்டது. அதன் பட்டை ஆர்-1 பட்டையைப்போல் ஏறக்குறைய இருமடங்கு உயரம்.

அப்படியானால் ஆர்-2 வாங்கிவிட வேண்டியதுதானே? அவசரம் வேண்டாம். சேற்றுக்கு அடித்தரை உண்டா என்று முதலில் பாருங்கள். ஒரு கடப்பாரையை ஊன்றினால் தெரிந்துவிடும். பல்லாண்டு தொளி கலக்கிய நன்செயில், சேற்றுக்கு அடியில் கெட்டியான மண் படிந்திருக்கும். அங்கே உயரமான, ஒடுங்கிய, ஆழப் பட்டையுள்ள டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கி அந்தத் தரையைப் பற்றும். கடப்பாரை போய்க்கொண்டே இருக்கும் உளையிலோ, அதே டயர் தனக்குக் குழி தானே தோண்டிக்கொள்ளும்! அங்கே வேண்டுவது, பாரத்தைப் பரப்பும் அகன்ற டயர். தோப்புக்கும் தார்ச் சாலைக்கும் தினம் போய்வருகிற வண்டிக்கு ஆர்-1 போதும் என்பது நமது அபிப்பிராயம். கெட்டிச் சாலையில் ஆழப் பட்டை வேகமாகத் தேயும். ஓட்டுகிறவரின் முதுகெலும்பையும் குலுக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆதியில் டிராக்டருக்கு இரும்புச் சக்கரமே இருந்தது. 1932-ல் அமெரிக்காவில் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனியார் காற்றடைத்த டயருடன் டிராக்டரை விற்க ஆரம்பித்தார்கள். ஜனங்கள் நம்பவில்லை, பந்தயக் கார் ஓட்டிகளைக் கொண்டு டிராக்டரை ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. அந்த டயர் உலகமெல்லாம் பரவிய பிறகும், நமது காவிரிப் பாசனத்து வயலில் தொளி உழ வேண்டுமானால் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரத்தையே இன்றும் மாட்டுகிறோம்.

டயர் மாற்றுமுன், செலவில்லாத காரியங்கள் இரண்டு உண்டு. ஒன்று, காற்று. டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமே. தயாரித்தவர் குறித்த கீழ் எல்லை வரை காற்றைக் குறைத்தால், டயர் அகலப் படிந்து பிடிமானம் கூடும். அதற்கும் கீழே போனால், வளையத்தின்மேல் டயர் நழுவி டியூப் வால்வு அறுந்துபோகலாம். மற்றொன்று, தண்ணீர். வால்வை உச்சியில் நிறுத்தி அதன் மட்டம் வரை நீர் நிரப்பினால், டயரில் சுமார் 75 சதவிகிதம் நிறைந்து சக்கரத்துக்குக் கனம் ஏறும். உறுதியான நிலத்தில் இது நல்ல உதவி. உளையில் இதுவே வண்டியை இன்னும் ஆழ அமிழ்த்தும். தோப்பு மண்ணை இறுக்கி வேர்களையும் வருத்தும்.

வழுக்கலை அளந்தும் பார்க்கலாம். டயரில் சுண்ணாம்புக் கோடு இட்டு, கலப்பை உழும்போது சக்கரம் 10 சுற்றுச் சுற்றும் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கலப்பையைத் தூக்கிவிட்டு, அதே தூரத்தை ஓட்டிச் சுற்றுகளை எண்ணுங்கள். எட்டரைச் சுற்று வந்தால் வழுக்கல் 15 சதவிகிதம், அதுவரை பாதகமில்லை. ஏழுதான் வந்தால், பீஸாய்ச் செலவிடும் டீசலில் கணிசமான பங்கு சேற்றைக் கடைவதற்கே போகிறது என்று பொருள்.

வண்டி புதைந்துவிட்டால் சிலர் பின்சக்கரத்தில் மரக்கட்டையைச் சங்கிலியால் பிணைத்து எஞ்சினை முடுக்குகிறார்கள். இதைப்போல் அபாயமான காரியம் வேறில்லை. சக்கரம் சுழல முடியாமல் சிக்கிக்கொண்டால், முன்பக்கம் மேலே எழும்பி, கண் இமைக்கும் நேரத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர்மேலேயே மல்லாந்துவிடும். பின்னால் பூட்டியதைக் கழற்றுங்கள். சக்கரத்தைச் சுற்றியுள்ள சேற்றை மண்வெட்டியால் வாருங்கள். மெள்ளப் பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். அசையவில்லையென்றால், கெட்டித் தரையில் நிற்கும் வேறொரு டிராக்டரைக் கொண்டு இழுக்கச் செய்யுங்கள். இழுக்கும் வண்டியில் சங்கிலியைப் பின் அச்சுக்குக் கீழே, தாழ்ந்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். சங்கிலி விறைக்கும்போது, குழந்தைகளும் வேடிக்கை பார்க்கிறவர்களும் அருகில் நிற்கக் கூடாது.